வேனில் போன மதிப்பெண்

டீக்கடையில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரு வாதம் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் 80,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார். அவரிடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை. பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி டீச்சர் 12,000 வாங்குகிறார். அவரிடம் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் பொளந்து கட்டுகிறது. எனவே அரசுப் பள்ளி தோற்றுவிட்டது. எனவே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளை மூடலாம், இணைக்கலாம், தனியாரிடம் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பெற்றோர் கையில் ஒரு கூப்பனைக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். இதைச் சொல்பவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் உண்டு, பொருளாதாரம் படித்தவர்கள் உண்டு. தன் பிள்ளையை மெட்ரிக்கில் இறக்கிவிட்டு வந்து அரசுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை.

இந்த வாதத்தின் அடியிலேயே ஓட்டை இருக்கிறது. ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண் அந்தப் பள்ளி செய்த வேலையைக் காட்டுகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. காட்டாது. ஊரில் யார் யாருடைய பிள்ளைகள் அந்த வகுப்பில் மிஞ்சினார்கள் என்பதைத்தான் அந்த எண் முதலில் காட்டும். பள்ளி செய்த வேலை அதற்கு அடியில் புதைந்து கிடக்கிறது. தோண்டிப் பார்க்க வழி உண்டு. தோண்டாமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் அறையில் ஒரு பலகையைப் பார்க்கலாம். வகுப்புவாரியாக, இனவாரியாக மாணவர் எண்ணிக்கை. வெள்ளை பெயின்டில் கட்டம் போட்டு, எஸ்.சி., எஸ்.டி., எம்.பி.சி., பி.சி. என்று தலைப்பு எழுதியிருப்பார்கள். உள்ளே எண்கள் மட்டும் சாக்பீஸில், அழித்து எழுத வேண்டி வரும் என்பதால். ஊரில் வீடுகளின் எண்ணிக்கைப்படி பெரும்பான்மையாக இருக்கும் சாதியின் கட்டத்தில் 4 என்றோ 6 என்றோ இருக்கும். காலனிப் பிள்ளைகளின் கட்டத்தில் 50 தாண்டியிருக்கும். எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஆனால் இப்படி இருக்கும் ஊர்கள் ஏராளம். ஆய்வுக்கு வரும் அதிகாரி அந்தப் பலகைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான், “ஏன் சார் ஸ்கோர் இப்படி இருக்கு?” என்று கேட்கிறார். கழுத்தைத் திருப்பினால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அந்தக் கட்டங்கள் அப்படி நிரம்பியது எப்படி? பிள்ளைக்கு மூன்றரை வயது ஆகும்போதே பிரிப்பு தொடங்கிவிடுகிறது. அரசுப் பள்ளி ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குக் கூப்பிடுகிறது; மெட்ரிக் பள்ளி எல்.கே.ஜி.யிலேயே பிள்ளையை வாங்கிக்கொள்கிறது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது 2019 ஜனவரியில்தான். அதற்குள் எத்தனையோ ஆண்டுப் பிள்ளைகள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். காலை ஏழே முக்காலுக்கு ஊர் முக்கில் மஞ்சள் வேன் வந்து நிற்கும்போது யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். நிலம் உள்ளவர் பிள்ளை, கடை வைத்திருப்பவர் பிள்ளை, சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ பணம் வரும் வீட்டுப் பிள்ளை, அரசு ஊழியர் பிள்ளை. வீட்டில் இரண்டு பேர் இருந்து ஒருவருக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்றால், பெரும்பாலும் தம்பி வேனில், அக்கா நடந்து ஒன்றியப் பள்ளிக்கு.

வேனில் போனவர்கள் புத்திசாலிகள், மிஞ்சியவர்கள் மக்குகள் என்று நான் சொல்லவில்லை. வேனில் போகும் பிள்ளைக்கு மாலையில் டியூஷன் இருக்கிறது. டைரியில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கும் அம்மா இருக்கிறார். மிஞ்சிய பிள்ளையின் அம்மா அதே நேரம் களையெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். கைக்குழந்தை அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் இடுப்பில் இருக்கும். இந்த இரண்டு மாலைகளும்தான் பரீட்சைத் தாளில் மதிப்பெண்ணாகி வருகின்றன. திருத்துகிறவர் கண்ணுக்குப் பெயரும் விடையும்தான் தெரியும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு இந்தப் பிரிப்பை இன்னும் நுணுக்கமாக்கியது. தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு, கட்டணம் அரசுடையது. நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் இணையத்தில் விண்ணப்பம் போட்டு, வருமானச் சான்றுக்கு அலைந்து, குலுக்கல் நாளைத் தெரிந்துகொண்டு போய் நிற்க யாரால் முடிகிறது? ஏழைகளிலேயே விவரம் தெரிந்த, பிள்ளை படிப்பில் பிடிவாதம் உள்ள பெற்றோரால்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடியவர்களும் அவர்கள்தான். அவர்களையும் அரசே பணம் கட்டி வழியனுப்பி வைத்தது. கர்நாடக அரசு 2019-ல், அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இந்த இடங்களைத் தரத் தேவையில்லை என்று விதியை மாற்றியது. அது நியாயமா என்பது வேறு வழக்கு. அங்கே யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

நாமும் போடுவோம். ஓர் ஊரில் ஒரே வயதில் 40 பிள்ளைகள், ஒரே பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் ஆளுக்கு 80 மதிப்பெண் வாங்கக்கூடியவர்கள், மற்ற 30 பேரின் சராசரி 50. பள்ளியின் சராசரி 57.5. அந்த 10 பேரும் வேன் ஏறிவிட்டால் ஒன்றியப் பள்ளியின் சராசரி 50, மெட்ரிக்கின் சராசரி 80. ஒரு பிள்ளைகூட ஒரு மதிப்பெண் கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கவில்லை. எந்த ஆசிரியரும் மாறவில்லை, எந்தப் பாடமும் மாறவில்லை. ஆனால் ‘அரசுப் பள்ளியில் தரம் சரிவு, தனியாரோடு 30 மதிப்பெண் இடைவெளி’ என்று செய்தி போடலாம். மறுவருடம் மிஞ்சிய 30 பேரில் 65 வாங்கும் இரண்டு பேர் மெட்ரிக்குக்குப் போகிறார்கள். ஒன்றியப் பள்ளியின் சராசரி 48.9 ஆகும், மெட்ரிக்கின் சராசரியும் 77.5-க்கு இறங்கும். ஒரே மாற்றத்தில் இரண்டு பள்ளியும் ‘சரிந்துவிட்டது’. இரண்டு தலைமையாசிரியர்களையும் கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம். இந்த லட்சணத்தில் இருக்கும் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் பள்ளிகளை மூடுவது பற்றிப் பேசுகிறார்கள்.

நடுநிலைப் பள்ளியின் கதவு வெளியிலிருந்து யார் தள்ளினாலும் திறக்கும். திறக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கே வராத பன்னிரண்டு வயதுப் பிள்ளை வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும், அது நவம்பர் மாதமாக இருந்தாலும். கரும்பு வெட்டப் போன குடும்பம் நாலு மாதம் கழித்துத் திரும்பினால் அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும், தேர்வும் எழுதும். மெட்ரிக்கில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கே ஒரு ‘சின்ன டெஸ்ட்’ வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, “பையன் பத்தாவதுல தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கிட்டு கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்த்துடுங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வருடம் ஒரு பள்ளியின் வாசலில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ், டி.சி.யோடு வந்த பையனை வாங்கிக்கொண்ட அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ‘ஏன் தேர்ச்சி குறைந்தது’ என்று நோட்டீஸ்.

புள்ளிவிவரத்தோடு வருபவர்கள் கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ‘அசர்’ அறிக்கையை எடுத்து நீட்டுவார்கள். 2022 அறிக்கையில் தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 11.2 சதவீதம், 2018-ல் அது 25.9. பயங்கரமான வீழ்ச்சிதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அரசுப் பள்ளிக்கு எதிராக நீட்டப்பட்ட அந்த எண் அரசு, தனியார் இரண்டும் சேர்ந்த எண். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைகள் யார் என்பது. 2022 செப்டம்பரில் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியது. போகவில்லை, பள்ளி பூட்டியிருந்தது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தது 2021 நவம்பர் 1-ல். வகுப்பறையையே இரண்டாம் வகுப்பின் பாதியில்தான் முதன்முதலாகப் பார்த்த பிள்ளையிடம் கழித்தல் கேட்டு, கிடைத்த விடையைப் பள்ளியின் லட்சணம் என்று எழுதினார்கள். பூட்டியிருந்த பள்ளியின் லட்சணம் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் குழப்பமும் இல்லை. அமெரிக்காவில் 1966-ல், ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. கட்டடம், ஆய்வகம், செலவு இவற்றில் உள்ள வித்தியாசத்தைவிட, வீட்டுப் பின்னணியும் கூடப் படிப்பவர்களின் பின்னணியும்தான் மதிப்பெண் வித்தியாசத்தை அதிகம் விளக்குகின்றன என்று அது சொன்னது. பக்கத்திலேயே ஒரு சான்று வேண்டுமானால் பிரிக்கப்படாத ஆந்திரா இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளீதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில் குலுக்கல் நடத்தி, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைத் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்க்க வழிசெய்து, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. குலுக்கல் என்பதால் விவரமான பெற்றோர், விவரமில்லாத பெற்றோர் என்ற வித்தியாசம் இங்கே கிடையாது. தெலுங்கிலும் கணிதத்திலும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முந்தவில்லை. இந்தியில் முந்தினார்கள், அரசுத் தொடக்கப் பள்ளிகள் இந்திக்கு நேரம் ஒதுக்கவே இல்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிந்த பெரிய இடைவெளி, ஒரே மாதிரிப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்ததும் தெலுங்கிலும் கணிதத்திலும் காணாமல் போயிற்று.

உடனே எதிர்த்தரப்பு ஒன்று சொல்லும், அதில் உண்மையும் உண்டு. அதே ஆய்வில் தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தெலுங்குக்கும் கணிதத்துக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியும் சமமாக நின்றன. ஆகவே தனியார் பள்ளிகள் திறமையானவை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? சம்பளத்திலிருந்து. வேறு வேலை இல்லாத ஊரில், வீட்டைவிட்டுத் தூரம் போக முடியாத பட்டதாரிப் பெண்ணுக்கு மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து நாள் முழுக்க நிற்க வைப்பதிலிருந்து. அதற்குத் திறமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்களில் பலர் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இரவில் படித்துக்கொண்டிருப்பதும் அந்த 80,000 ரூபாய் வேலைக்காகத்தான். அரசுப் பள்ளிகளில் பாதியை மூடிவிட்டால் அந்தப் பத்தாயிரமும் கிடைக்காது, பேரம் பேச அவர்களுக்கு வேறு வேலை இல்லாமல் போய்விடும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு மகிழ்ச்சியாகத் தலையாட்டும் ஆசிரியர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. ஓய்வறையில் ஒரு வாக்கியம் உலவுகிறது: “வர்றதெல்லாம் முதல் தலைமுறை, அப்பன் குடிகாரன், இதுங்கள வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?” இது மேலே சொன்ன டீக்கடை வாதத்தின் மறுபாதி. அவர்கள் மதிப்பெண்ணைப் பள்ளி மீது போடுகிறார்கள், இவர்கள் பிள்ளையின் பிறப்பு மீது போடுகிறார்கள். அமெரிக்காவிலும் கோல்மன் அறிக்கையை எடுத்துக்கொண்டு, அப்படியானால் பள்ளிக்குப் பணம் செலவழித்து என்ன பயன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

பள்ளியால் என்ன ஆகும் என்பதற்குக் கொரோனா காலமே ஒரு சோதனையாக அமைந்துவிட்டது. முரளீதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ மூவரும் தமிழகத்தின் 220 கிராமங்களில் 19,000 குழந்தைகளை, பள்ளி பூட்டும் முன் எடுத்த அளவோடு ஒப்பிட்டார்கள். சிறு வயதுப் பிள்ளைகள்தான், நடுநிலை வகுப்பினர் இல்லை. 2021 டிசம்பரில் கணிதத்திலும் தமிழிலும் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்கு, மாலையில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வியால். அப்பாக்கள் அந்த ஆறு மாதத்தில் குடியை நிறுத்தவில்லை. அம்மாக்கள் பட்டம் வாங்கவில்லை. மாறியது பள்ளி திறந்ததும் மாலை வகுப்பு வந்ததும்தான். பிள்ளைகளின் பின்னணி இப்படி இருக்கையில் எதுவும் செய்ய முடியாது என்பவர்களுக்கும், பள்ளியால் பயனே இல்லை என்பவர்களுக்கும் சேர்த்து ஒரே பதில் இது.

சராசரியை வைத்துப் பள்ளியை எடைபோடுவதில் இன்னொரு கேடு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலை செய்யாத ஆசிரியர் அரசுப் பள்ளியில் இல்லையா? இருக்கிறார். ஆனால் அவர் எங்கே ஒளிந்துகொள்கிறார் தெரியுமா? டவுனுக்குப் பக்கத்தில், பெற்றோரே பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும் ஊரில், சராசரி தானாக மேலே நிற்கும் பள்ளியில். அவருடைய ‘ரிசல்ட்’டை யாரும் கேட்க மாட்டார்கள். மலையடிவாரத்தில், ஆறாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையை எட்டாம் வகுப்பு முடிவதற்குள் செய்தித்தாள் படிக்க வைத்தவருக்கு விளக்கக் கடிதம் போகும். உண்மையான வித்தியாசம் தெரிய வேண்டுமானால் காலனிப் பள்ளியை மெட்ரிக்கோடு ஒப்பிடுவதில் பயனில்லை, இன்னொரு காலனிப் பள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளி மாணவர்கள் இதில் உட்கார முடியாது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். தமிழகத்துக்கு 6,695 இடம். ஒரே ஒன்றியத்தில், பலகையில் ஒரே மாதிரி எண்கள் உள்ள இரண்டு பள்ளிகளில், ஒன்றின் வாசலில் தேறியவர்களின் பாஸ்போர்ட் படத்தோடு வருடா வருடம் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள், மற்றொன்றில் விண்ணப்பமே போடவில்லை. இந்த இரண்டாவது பள்ளியைத்தான் கேள்வி கேட்க வேண்டும். டீக்கடை வாதத்துக்கு இந்தப் பள்ளி கண்ணிலேயே படாது.

பின்னணியைக் கணக்கில் எடுக்காமல் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது என்பது அரசுக்குத் தெரியாததும் இல்லை. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தபோது சட்டம் ஒப்புக்கொண்டது அதைத்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும் அதே ஆறாம் வகுப்புக் கோடு. ஐந்து முடித்த பிள்ளையை மெட்ரிக்குக்கு மாற்றுவதா வேண்டாமா என்று பெற்றோர் யோசிக்கும் இடத்தில் போட்ட கோடு அது, நடுநிலைப் பள்ளிக்கு நல்லது. ஆனால் அதே அரசு 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டு, எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. எட்டாம் வகுப்பில் பெயிலாக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது. கரும்பு வெட்டப் போய் வந்த பிள்ளையைப் பெயிலாக்கி மறுபடி எட்டிலேயே உட்கார வைத்தால், அடுத்த தைக்கு அது கரும்பு வெட்டத்தான் போகும். பலகையில் ஓர் எண் குறையும், சராசரி கொஞ்சம் ஏறும்.

அரசு போட்ட இன்னொரு கோடு நடுநிலைப் பள்ளிக்குக் குறுக்கே விழுந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று வரம்பு கட்டினார்கள். தொடக்கப் பள்ளிக்கு இது பொருந்தும். நடுநிலைப் பள்ளியில் எட்டு வகுப்பும் ஒரே வளாகம். ஐந்தாம் வகுப்புத் தம்பி தட்டில் ரவா உப்புமாவோடு உட்கார்ந்திருக்க, அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த ஆறாம் வகுப்பு அக்கா தூணில் சாய்ந்துகொண்டு நிற்பாள், அவளும் வீட்டில் சாப்பிடாமல் வந்தவள்தான். முதல் பீரியட் கணக்கு. கோடு போட்டவர்களுக்கு நடுநிலைப் பள்ளி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

தோண்டிப் பார்க்க வழி உண்டு என்றேன். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் தமிழகத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைக்கும். யார் எந்த வகுப்பில் எங்கே சேர்ந்தார், எப்போது டி.சி. வாங்கினார் என்பதெல்லாம் ஆசிரியர்கள் பாட நேரத்தைத் தின்று ஏற்றி வைத்த தகவல். ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது என்ன தெரிந்திருந்தது, எட்டை முடித்தபோது என்ன தெரிந்தது என்று அதே பிள்ளையை வைத்து ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் கணக்கெடுத்து, தலைமையாசிரியர் அறைப் பலகையின் எண்களோடு சேர்த்து வெளியிடட்டும். கூடவே, நூறு சதவீதம் காட்டும் ஒவ்வொரு தனியார் பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை அங்கேயே எழுதினார்கள், எத்தனை பேர் ஒன்பதில் வெளியே போனார்கள், போய் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்ற பட்டியலையும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 80,000 சம்பளத்தைப் பற்றிப் பேச நான் தயார்.